சுடாமல் திரும்பிய காலை

ஊரிலே பதினைந்து ஆண்டுகள் மாணவருக்குப் பரீட்சை வைத்தவன் நான். ஐம்பது வயதைக் கடந்தபின் நோர்வேயில் மீண்டும் மாணவனாக அமர்ந்தேன். பாடம், வேட்டை. துப்பாக்கிக்கு அஞ்சிப் புலம்பெயர்ந்தவருக்கு இது என்ன ஆசை என்று துணைவியார் வினவினார். அயல்வீட்டு முதியவர் ஆண்டுதோறும் எல்க் என்னும் பெருமானின் இறைச்சியில் எமக்கும் பங்கு தருவார். "உண்பவர் ஒருநாள் காட்டுக்கும் வரவேண்டும்" என்று அவர் கூறியதே தொடக்கம்.

இந்நாட்டில் நினைத்தவுடன் வேட்டைக்குச் செல்ல இயலாது. முதலில் 30 மணிநேர வகுப்பு. அதன்பின் 50 வினாக்கள் கொண்ட பரீட்சை. 40 வினாக்களுக்கேனும் சரியான விடை வேண்டும். எல்க் வேட்டைக்கு ஆண்டுதோறும் சூட்டுப் பரீட்சையும் உண்டு. 30 பயிற்சிச் சூடுகளின் பின், ஐந்து குண்டுகளும் இலக்கில் பட வேண்டும். முதன்முறை எனக்கு நான்கே பட்டன. காயமுற்று ஓடும் விலங்கைத் தேடிச் செல்வது வேட்டைக்காரரின் சட்டக் கடமை. அதற்கெனப் பழக்கிய நாயை நான்கு மணி நேரத்துள் வருவிக்கவும் முடிந்திருக்க வேண்டும்.

சட்டத்தை வகுப்பிலே கற்றேன். காட்டை முதியவரிடம் கற்றேன். காற்று எம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால் அது எம்மை அறிந்துவிடும் என்றார். மேய்ந்த கிளையையும் சேற்றில் பதிந்த குளம்பையும் காட்டினார். குழுவில் ஒருவர் நாயுடன் காட்டினுள் செல்ல, ஏனையோர் தத்தம் இடத்தில் அசையாது காத்திருப்பர். நான் முதியவரின் அருகில் இருந்தேன்.

மூன்றாம் நாட்காலை, மேட்டின் உச்சியில் ஓர் எல்க் வந்து நின்றது. கை நடுங்கியது. குறி சரியாகவே இருந்தது. ஆனால் விலங்கின் பின்னால் மண்ணில்லை, வானமே தெரிந்தது. தவறிய குண்டு எங்கே போய் விழும் என்று யாரறிவார்? துப்பாக்கியைத் தாழ்த்தினேன். எல்க் மறைந்தது. முதியவர் ஒன்றும் கூறாமல் தம் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார்.

நாம் ஊரிலே கண்ட துப்பாக்கிகள் எவருக்கும் பதில் சொன்னதில்லை. இங்கே ஒவ்வொரு குண்டுக்கும் சுடுபவனே பொறுப்பாளி. வேட்டை பழக விரும்பும் நம் இளைஞர்கள், துப்பாக்கி வாங்குமுன் இத்தகைய ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளட்டும்.

அவ்வாண்டும் எம் வீட்டுக்கு இறைச்சி வந்தது. சுட்டவர் வேறொருவர், காத்திருந்தவனுக்கும் பங்குண்டாம்.