வந்தோரும் தங்கியோரும்

கோலா கங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்திற்கு அருகே பழைமையான ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் அந்நகரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சியது இதுவே என்பர். பின்னாளில் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின, ஆள்பலம் தேவைப்பட்டது. கண்காணிகள் தமிழகக் கிராமங்களில் ஆள் திரட்டினர். 1907இல் தொடங்கப்பட்ட குடிநுழைவு நிதி அவர்களின் கப்பல் செலவை ஏற்றது.

1911இல் மலாயாவில் ஏறக்குறைய 2.7 இலட்சம் இந்தியர்கள் வாழ்ந்தனர். 1931இல் அத்தொகை 6.2 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால், வந்தவர் அனைவரும் தங்கிவிடவில்லை. 1786 முதல் 1957 வரை 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்களின் வருகை பதிவானது; ஏறக்குறைய 30 இலட்சம் பேர் வெளியேறினர். ஒருவரே இருமுறை வந்திருந்தால், இருமுறையும் கணக்கில் சேர்ந்தார்.

சிலர் பணம் சேர்த்து ஊர் திரும்பினர். பலர் நோயால் இங்கேயே மாண்டனர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அழைத்து வந்த அதே நிதியே அவர்களை அனுப்பவும் செலவிட்டது. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. எஞ்சியோர் தோட்டங்களிலேயே குடும்பமாய் வேரூன்றினர்.

இன்றும் அந்நியத் தொழிலாளர்களும் வெளிநாட்டு மாணவர்களும் தற்காலிக அனுமதியுடன் மலேசியாவுக்கு வருகின்றனர். அவர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை வாசிக்கும்போதும் வந்தோர், திரும்பியோர், தங்கியோர் ஆகிய மூன்று தொகைகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். வந்தோர் தொகை மட்டும் முழு வரலாற்றையும் சொல்லாது.