ஒரு நாற்றின் பயணம்: அசைவூட்ட விண்வெளிப் படம் ஒன்றின் கதைப்பின்னல்

முன்னுரை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் என்னும் சிற்றூரை அடையலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த அமைதியான சூழலில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கு அமைந்துள்ளது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கியும் இங்கு நிறுவப்பெற்றன.

செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நம் மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்தோம். வழியெங்கும் சாமைப் பயிர் பசுமையாய் நின்றது. ஆனால் வானமோ மேகத்தால் மூடிக்கிடந்தது. விண்மீன் காண வந்தவர்கள் மேகம் கண்டு அமர்ந்திருந்த அவ்வேளையில், முதல் வாரம் வகுப்பில் திரையிட்டுக் காட்டிய ‘வால்-ஈ’ என்னும் அசைவூட்டப் படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மாணவர் ஒருவர், “ஐயா, அந்தப் படத்தில் இரண்டு கதைகள் அல்லவா இருக்கின்றன? இயந்திரங்களின் காதல் ஒன்று. மனிதர்கள் பூமிக்குத் திரும்புவது மற்றொன்று. இவை ஒட்டவில்லையே?” என்று வினவினார். உடன் வந்திருந்த, கல்லூரியின் நலம் நாடும் முதியவர் ஒருவர், “அது கிடக்கட்டும், பேராசிரியரே. பேரனோடு உட்கார்ந்து அந்தப் படத்தை நானும் பார்த்தேன். தமிழ்த்துறைக்கும் பொம்மைப் படத்துக்கும் என்ன தொடர்பு?” என்றார். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைச் சுருக்கம்

ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கத்தில் பிக்சார் நிறுவனம் உருவாக்கிய இப்படம் 2008ஆம் ஆண்டு வெளிவந்தது; சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. குப்பையால் நிறைந்து வாழத் தகுதியற்றுப்போன பூமியை விட்டு மனிதர்கள் விண்கலம் ஏறிச் சென்று 700 ஆண்டுகள் ஆகின்றன. குப்பையை அழுத்திக் கட்டிகளாக அடுக்கும் ‘வால்-ஈ’ என்னும் சிறிய இயந்திரம் மட்டும் தன் தொழிலை விடாது செய்துவருகிறது. உயிர்ப்பொருள் உள்ளதா எனத் தேடி வரும் ‘ஈவ்’ என்னும் ஆய்வு இயந்திரத்திடம், தான் கண்டெடுத்த ஒரு சிறு செடியை அது கொடுக்கிறது. ஈவ் அச்செடியுடன் ‘ஆக்சியம்’ என்னும் விண்கலத்திற்கு எடுத்துச் செல்லப்படுகிறது. வால்-ஈயும் தொற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. அங்கு, மனிதர்கள் திரும்பவே கூடாது என்னும் பழைய ஆணையைக் காக்கும் தானியங்கி மாலுமி செடியை ஒழிக்க முயல்கிறது. கலத்தின் தலைவர் விழிப்புற்று அதனை வெல்ல, மனிதர் பூமிக்குத் திரும்புகின்றனர்.

ஐந்து சந்திகள்

இக்கதையை ஆராய்வதற்குரிய கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், நாடகக் கதை வளரும் முறையை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாகப் பகுக்கிறார். உழுத மண்ணில் இட்ட விதை முளைப்பது போன்றது முகம். அம்முளை இலை விட்டு நாற்றாவது போன்றது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொள்வது போன்றது கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்வது போன்றது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டிற்குக் கொணர்ந்து உண்டு மகிழ்வது போன்றது துய்த்தல் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

சந்தி ஐந்து என்னும் கோட்பாடு வடமொழி நாட்டிய நூலிலும் உண்டு. ஆதலின் உலகுக்கு இல்லாத ஒன்று நமக்கு மட்டும் இருந்தது என்று பெருமை பேசுவது நம் கருத்தன்று. எனினும், கதையின் வளர்ச்சியை ஓர் உழவனின் ஆண்டு முழுவதுக்குமான உழைப்பாக விரித்துக் காட்டிய இவ்விளக்கம், ஒரு செடியைக் கதையின் அச்சாணியாகக் கொண்ட இப்படத்திற்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

முகமும் பிரதிமுகமும்

படத்தின் முதற்பகுதி பெரிதும் உரையாடலின்றியே நகர்கிறது. வால்-ஈயின் இருப்பிடத்தில் பழைய பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான பழைய இசைத் திரைப்பட நாடாவில், இருவர் கைகோத்து நிற்கும் காட்சியை அது நாள்தோறும் பார்த்து ஏங்குகிறது. இது முதல் விதை. குப்பைக்கிடையே முளைத்திருந்த செடியைப் பழைய காலணி ஒன்றில் மண்ணுடன் பெயர்த்து வைத்துக்கொள்கிறது. இது இரண்டாம் விதை. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இடப்படுகின்றன என்பது கருதத்தக்கது.

ஈவிடம் அச்செடியை வால்-ஈ கொடுப்பது பூமியைக் காக்கும் நோக்கத்தாலன்று. அன்பினால் கொடுக்கும் பரிசாகவே கொடுக்கிறது. ஆனால் ஈவிற்கோ அது கடமையின் இலக்கு. செடியைத் தன்னுள் வாங்கிக்கொண்ட மறுகணமே அது செயலற்று உறைகிறது. ஒரே செயல் காதலனுக்குக் காணிக்கையாகவும் மனித குலத்திற்கு மீட்சியாகவும் அமைந்துவிடுகிறது. மாணவர் கண்ட இரண்டு கதைகளும் முடிச்சிடப்படும் இடம் இதுவே. அம்முடிச்சை அவிழ்த்தால் காதலும் இல்லை, மீட்சியும் இல்லை. ஆகவே கதை ஒன்றேயாகும்.

செயலற்ற ஈவை வெயிலிலும் மழையிலும் வால்-ஈ காத்து நிற்பதும், விண்கலம் வந்து அதனை அழைத்துச் செல்லும்போது பின்தொடர்வதும் பிரதிமுகம். அகத்திணையில் வினைமேற் பிரிபவன் பெரும்பாலும் தலைவனே. இல்லிருந்து ஆற்றுபவள் தலைவி. இப்படமோ அதனைத் திருப்பிப் போடுகிறது. இங்கு வினைமேற் செல்வது தலைவி. ஆற்றாது பின்செல்வது தலைவன். நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்று வேற்று நிலத்தில் நடப்படுவதுபோல், கதையும் பாழ்நிலத்திலிருந்து விண்கலத்திற்குப் பெயர்கிறது.

கருப்பம்

கருப்பம் என்பது பொருள் உள்ளே இருந்தும் கண்ணுக்குப் புலனாகாத நிலை. விண்கலத் தலைவர் ஈவைத் திறந்து பார்க்கும்போது செடி காணப்படவில்லை. மறைக்கப்பட்டது, கிடைத்தது, மீண்டும் மறைக்கப்பட்டது எனப் படத்தின் நடுப்பகுதி முழுவதும் செடியின் கண்ணாமூச்சியாகவே செல்கிறது. அதே வேளையில் வேறொன்றும் கருக்கொள்கிறது. நாற்காலியை விட்டு எழாது வாழ்ந்த தலைவர், பூமி என்றால் என்ன, உழவு என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டு அறிகிறார். ஈவோ, தான் உறைந்திருந்த காலத்தில் வால்-ஈ தன்னைக் காத்த காட்சிகளைத் தன் நினைவுப் பதிவில் காண்கிறது. ஒருவருக்கு அறிவும் மற்றொன்றுக்கு அன்பும் இச்சந்தியில்தான் பிறக்கின்றன.

புலப்படாத ஒன்று சிறு குறியால் தன்னை உணர்த்துவதற்குக் காவலூரே ஒரு சான்று. 1977ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த நிகழ்ச்சியைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி கண்காணித்தது. எதிர்பார்த்த நேரத்திற்கு முன்னரே விண்மீனின் ஒளி சிறிது மங்கி மீண்டது. அது ஒரு துணைக்கோளாக இருக்கலாம் என்றே காவலூர் அறிஞர்கள் முதலில் கருதினர். அமெரிக்க அறிஞர்கள் விமானத்திலிருந்து செய்த ஆய்வு முதலிய பிற பதிவுகளோடு ஒப்பிட்டபோதுதான் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவாயிற்று. குறி முன்னரே கிடைத்துவிட்டது. அதன் பொருள் பின்னரே விளங்கியது. நல்ல கதைப்பின்னலின் நடுப்பகுதியும் இத்தகையதே.

விளைவு

மறைந்திருந்தவை யாவும் இச்சந்தியில் வெளிப்படுகின்றன. திரும்பக் கூடாது என்னும் ஆணை வெளிப்படுகிறது. அதனை மீறத் தலைவர் தம் காலூன்றி எழுகிறார். அதுவரை உட்கார்ந்தே வாழ்ந்த ஒரு கூட்டத்தின் கதையில், ஒருவர் எழுந்து நிற்பதே போர்க்களக் காட்சியாகிவிடுகிறது. செடியை ஏற்கும் கருவி மூடிவிடாதபடி தன் உடலால் தாங்கிய வால்-ஈ நசுங்குகிறது. பூமிக்கு வந்தபின் ஈவ் அதன் உறுப்புகளை மாற்றிச் சீராக்குகிறது. ஆயினும் வால்-ஈ பழைய நினைவின்றி வெறும் இயந்திரமாய்க் குப்பையை அழுத்தத் தொடங்குகிறது. ஈவ் அதன் கையைப் பற்ற, நினைவு மீள்கிறது. முதற்சந்தியில் இடப்பட்ட கைகோத்தல் என்னும் விதை இங்குக் கதிர் முற்றுகிறது.

துய்த்தல்

முதல், நடு, இறுதி என மூன்றாகப் பகுக்கும் மேனாட்டு முறைப்படி நோக்கினால் கதை இங்கே முடிந்தது. அதன்பின் கலைஞர் பெயர்களோடு ஓடும் ஓவியங்கள் வெறும் அணிகலன் ஆகிவிடும். நம் மரபோ ஐந்தாவதாகத் துய்த்தல் ஒன்று உண்டு என்கிறது. அக்கண்ணோடு பார்த்தால் அவ்வோவியங்களே கதையின் முடிவுப் பகுதி என்பது புலனாகும். அவற்றில் மனிதர் நெருப்பு மூட்டுகின்றனர், கிணறு தோண்டுகின்றனர், பயிர் செய்கின்றனர், மீன் பிடிக்கின்றனர். ஓவிய நடையும் குகை ஓவியத்தில் தொடங்கி, எகிப்திய ஓவியம் முதலிய நடைகளின் வழியே வளர்கிறது. மனித நாகரிகம் மறுமுறை முளைப்பதை அந்நடையே சொல்லிவிடுகிறது. பெருமரம் ஒன்றின் அடியில் வால்-ஈயும் ஈவும் நிற்க, அம்மரத்தின் வேர் பழைய காலணியில் சென்று முடிகிறது. நாற்று மரமாகிவிட்டது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் இருக்கையை விட்டு எழுபவர் அறுவடையைக் காணாது வீடு திரும்பியவர் ஆவர்.

ஒரு குறை

இவ்வாறு நாம் விளக்கி முடித்தபோது முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நீங்கள் சொன்ன உரைகாரர் அறுக்க வேண்டும், அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார். இந்தப் படக்காரர் அதையெல்லாம் ஒரு பாட்டுக்குள் முடித்துவிட்டாரே. எழுநூறு வருஷம் நடக்காதவன் மண்வெட்டி பிடித்தால் முதல் வருஷமா விளையும்?” என்றார்.

இதற்கு நாம் மறுமொழி கூற இயலவில்லை, கூறவும் தேவையில்லை. படத்தின் கதைப்பின்னலில் உள்ள மெய்யான குறை அதுவே. செடியைக் காப்பதற்குப் படத்தின் பெரும்பகுதியைச் செலவிட்ட இயக்குநர், அச்செடியால் வாழப்போகும் மக்களின் உழைப்பிற்குச் சில நிமிடங்களையே ஒதுக்கினார். துய்த்தல் உண்டு, அதற்கு முன்னுள்ள வியர்வை இல்லை. இக்குறையை நமக்குக் காட்டியதும் அடியார்க்கு நல்லாரின் உவமையே, அதனை வாழ்க்கையில் அறிந்த ஒருவரின் வாயிலாக. பொம்மைப் படத்தோடு தமிழ்த்துறைக்கு என்ன தொடர்பு என்று கேட்டவரே அத்தொடர்பை நிலைநாட்டிவிட்டார்.

முடிவுரை

பழைய இலக்கணக் கருவிகள் தேர்வு எழுதுவதற்கு மட்டும் உரியன அல்ல. நேற்று வந்த படத்தின் சிறப்பையும் குறையையும் அளக்கும் ஆற்றல் அவற்றிற்கு உண்டு. எடுத்து ஆள்வோர்தாம் வேண்டும். மாணவர்கள் தாம் காணும் படங்களையும் படிக்கும் புதினங்களையும் இவ்வைந்து சந்திகளால் அளந்து பார்ப்பார்களாக. பொருந்தும் இடத்தில் மகிழ்க. பொருந்தாத இடத்தில், குறை படைப்பிலா, அளவுகோலிலா என்று ஆராய்க.

அன்றிரவு மேகம் விலகவேயில்லை. விடியற்காலையில் மலையிறங்கும்போது, முந்தைய நாள் வேடிக்கையாய்க் கடந்து வந்த சாமைப் பயிரை மாணவர்கள் சற்று நின்று பார்த்தார்கள். அது அப்போது கதிர் விடும் பருவத்தில் இருந்தது. “இது எந்தச் சந்தி?” என்று முதியவர் கேட்டார். “கருப்பம், ஐயா” என்றனர் மாணவர் அனைவரும்.