பலகையில் ஒரு பிரிக்பீல்ட்ஸ்

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் பயணிகள் பலருக்கு, அந்த இடம் ஒரு காலத்தில் தண்டவாளங்கள் வரிசை வரிசையாகக் கிடந்த இரயில் யார்டு என்பது தெரியாது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிள்ளான் பக்கமிருந்தும் வந்த சரக்கு வண்டிகளை அங்கே பெட்டி பெட்டியாகப் பிரித்து, போகவேண்டிய ஊருக்கேற்ப மறுபடியும் இணைத்தார்கள். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதிய நிலையம் திறக்கப்பட்டபோது அந்த யார்டு இல்லை. இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த குடியிருப்புகளும் பல மறைந்துவிட்டன. இன்று அந்த இடத்தைப் பார்க்க விரும்புபவருக்குப் பழைய படங்களும் முதியவர்களின் நினைவுகளுமே மிச்சம். அவற்றைக் கொண்டு, நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு பலகையில் அதை மீண்டும் கட்ட முடியும். மாதிரி இரயில் அமைப்போர் செய்வது இதைத்தான்.

கோலாலம்பூரின் முதல் இரயில்பாதை 1886ஆம் ஆண்டு புக்கிட் கூடா வரை சென்றது. ஈயத்தைப் படகுத்துறைக்குக் கொண்டு செல்வதே அதன் முதன்மை நோக்கம். 1890இல் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் அமைந்த பிறகு அது கிள்ளான் நகரை அடைந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் நெருப்பாலும் வெள்ளத்தாலும் அழிந்த நகரம் செங்கல்லால் எழும்பியபோது, அதற்கான செங்கல் இங்கே சுடப்பட்டது. இந்தச் செங்கல் நமக்குப் பின்னால் உதவப் போகிறது.

மாதிரி இரயில் என்றதும் கடையில் பெட்டியோடு விற்கும் பொம்மை வண்டி நினைவுக்கு வரலாம். ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானிய வண்டிகளை அப்படி வாங்கிவிடலாம். மலாயா இரயில்வேயின் வண்டிகளும் கட்டடங்களும் அவ்வாறு எளிதில் கிடைப்பதில்லை. வேண்டுமானால் அட்டை, மெல்லிய பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி ஆகியவற்றை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி நாமே செய்துகொள்ள வேண்டும். பிறர் செய்த பாகங்களைப் பொருத்துவதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. பொருத்துபவருக்கு உற்பத்தியாளர் அளவு சொல்லிவிடுகிறார். கையால் செய்பவரோ ஒவ்வோர் அளவையும் தாமே தேடிக் கண்டுபிடிக்கிறார்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,600 மில்லிமீட்டர். பிரிட்டனிலோ அது 1,435 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் மாதிரி ஆர்வலர்கள் 76இல் ஒரு பங்கு அளவில் வண்டிகளைச் செய்து, 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓட்டுகின்றனர். அதே பாதையில் அயர்லாந்து வண்டியை வைத்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். 16.5ஐ 76ஆல் பெருக்கினால் 1,254தானே வருகிறது! அதனால் அங்குள்ள நுணுக்கர்கள் 21 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளத்தைத் தாங்களே போட்டுக்கொள்கின்றனர். டப்ளின் நகரின் இஞ்சிகோர் இரயில் பட்டறையில் வரைவாளராக இருந்த சிரில் ஃபிரை, அயர்லாந்து வண்டிகளைக் கையாலேயே செய்து சேர்த்தவர். அவருடைய சேகரிப்பை மாலஹைட் என்னும் ஊரில் இன்றும் காணலாம்.

நம் கணக்கு இதைவிட எளிது. மலாயா இரயில்பாதையின் அகலம் சரியாக ஒரு மீட்டர். கடைகளில் கிடைக்கும் மிகச் சிறிய மாதிரித் தண்டவாளங்களில் ஒன்றின் அகலம் 9 மில்லிமீட்டர். 110இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 9 மில்லிமீட்டர் 990 மில்லிமீட்டரைக் குறிக்கும். மெய்யான பாதையில் ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. இந்த அளவில் 6 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டி 55 மில்லிமீட்டர் ஆகும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 15 மில்லிமீட்டர் ஆவார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரையிலான ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாதைக்கு மட்டும் 270 மீட்டருக்கு மேல் பலகை தேவைப்படும்! ஆகவே, முழுப் பாதையையும் கட்ட முயல்வது வீண். யார்டின் ஒரு மூலையை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

இடத்தைப் போலவே காலத்தையும் குறுக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுகளின் இறுதி நல்ல தேர்வு. கிளாஸ்கோவில் செய்யப்பட்ட 56ஆம் வகுப்பு நீராவி இஞ்சின்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. 1957 முதல் 20ஆம் வகுப்பு டீசல் இஞ்சின்களும் அவற்றுக்கு அருகில் வந்து நின்றன.

இனி அளவு தேடும் வேலை. பழைய படம் ஒன்றில் தண்டவாளம் நேர் எதிரே தெரிந்தால் அதுவே அளவுகோல். அதன் அகலம் ஒரு மீட்டர் என்பது நமக்குத் தெரியும்; அதே தொலைவில் நிற்கும் பெட்டியின் அகலத்தை அதனோடு ஒப்பிட்டுக் கணக்கிடலாம். கட்டடத்துக்குச் செங்கல் கைகொடுக்கும். அக்காலச் செங்கல் வரிசை ஒன்று, சாந்தோடு சேர்த்து ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். படத்தில் ஒரு கதவின் பக்கத்தில் 28 வரிசைகளை எண்ணினால், கதவின் உயரம் 2.1 மீட்டர், மாதிரியில் 19 மில்லிமீட்டர். அதே காலத்துச் செங்கல் சுவர் ஒன்று இன்னும் நிற்குமானால், அதை நேரில் அளந்து கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. ஆனால், அளப்பதற்காக ஓடும் பாதையில் இறங்கக் கூடாது. அது சட்டத்துக்குப் புறம்பானது. தலைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது.

தண்டவாள அமைப்புக்கு, ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சிறு திட்டம் ஒன்று உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் மூன்றே கிளைப்பாதைகள். ஒன்றில் 5 பெட்டிகளும் மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். மொத்தம் 8 பெட்டிகள். சீட்டுப் போட்டு 5 பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் அவற்றை இணைத்து வண்டியாக்க வேண்டும். 8 பெட்டிகளிலிருந்து 5ஐ வரிசையாக எடுக்க 6,720 வழிகள் உள்ளன. ஆகவே இந்த விளையாட்டு அலுப்பதில்லை. வெறும் விளையாட்டு என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. எந்தப் பெட்டியை முதலில் இழுப்பது, எதை ஒதுக்கி நிறுத்துவது என்று பிரிக்பீல்ட்ஸ் யார்டில் பணிசெய்தோர் வெயிலிலும் மழையிலும் யோசித்த கணக்கு இதுவே. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நின்று இணைத்தவருக்குத் தவறு என்பது கைகாலைப் பறிக்கும் விபத்து.

பலகை செய்யும்போது நம் தட்பவெப்பத்தை மறந்துவிடலாகாது. குளிர்நாட்டு நூல்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் ஒட்டுப்பலகை எளிதில் வளைந்துவிடும். வளைந்த பலகையில் இஞ்சின் தடம்புரளும். எனவே மேலும் கீழும் விளிம்புகளிலும் வண்ணம் பூசி, அடியில் மரச்சட்டம் அடிக்க வேண்டும். அட்டைக் கட்டடங்களின் உட்புறத்திலும் வார்னிஷ் தேவை. தண்டவாளத்தை ஒட்டியபின், தேநீர் வடிகட்டியில் சலித்த மணலையும் கரிச்சாம்பலையும் இடையில் தூவலாம். மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது மணலுக்குள் ஊறி இறுகும். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசை உருண்டு உருண்டு மேலேயே நிற்கும். யார்டின் ஓரத்தில் லாலாங் புல் வளராமல் இருக்குமா? சணல் கயிற்றை 9 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பச்சையும் பழுப்புமாகச் சாயமேற்றி நட்டால் ஒரு மீட்டர் உயரப் புல் தயார்.

தகரக் கூரை செய்யும் முறை மிகவும் சுவையானது. நெளிதகரத்தின் இரு நெளிவுகளுக்கு இடையே 76 மில்லிமீட்டர் இருக்கும். 110ஆல் வகுத்தால் 0.69 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் திருகாணியின் புரி இடைவெளி 0.7 மில்லிமீட்டர்! சாப்பாடு கட்டித் தரும் மெல்லிய அலுமினியத் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரப்பர் விரிப்பின்மேல் வைத்து, அந்தத் திருகாணியை அழுத்தி உருட்டினால் நெளிதகரம் கிடைத்துவிடும். பிறகு துருநிறம் பூச வேண்டியதுதான்.

கடைசியில் வைப்பது மனிதர்களை. பெரும்பாலான மாதிரிகளில் இது அலங்காரமாகவே முடிந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் மாதிரியில் அப்படி முடிக்க இயலாது. மலாயாவில் தண்டவாளம் போட்டுப் பராமரித்தோரில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். பழைய படங்களில் இஞ்சினின் எண் தெளிவாகத் தெரியும். அதனருகில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிராது. உடை, தலைப்பாகை, கையிலுள்ள கருவி, நிற்கும் இடம் ஆகியவற்றை அந்தப் படங்களில் உற்றுப் பார்த்து, 15 மில்லிமீட்டர் உருவங்களைச் செய்ய வேண்டும். உங்கள் வட்டாரத்தில் இரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பெட்டியை இணைத்தவர் எந்தப் பக்கம் நின்றார், கைவிளக்கை எப்படி அசைத்தார், பகல் உணவை எங்கே அமர்ந்து உண்டார் என்பவை எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை.

வேலை முடிந்ததும் பலகையின் அடிப்புறத்தில் சில குறிப்புகள் எழுதிவைப்பது அனுபவமிக்கோரின் வழக்கம். மாதிரி எந்த ஆண்டைக் காட்டுகிறது, எந்தச் சுவர் படத்திலிருந்து அளந்தது, எந்தக் கூரை ஒருவர் சொன்னதைக் கேட்டுச் செய்தது, எது வெறும் ஊகம் என்று பென்சிலால் எழுதலாம். பிறகு வேறொரு படம் கிடைத்து ஊகம் தவறென்று தெரிந்தால், அந்த ஒரு கட்டடத்தை மட்டும் பெயர்த்தெடுத்து மாற்றிக் கட்டலாம், குறிப்பையும் திருத்தலாம்.