வீட்டோடு ஒரு குளம் – 5: தண்ணீரைப் பார்த்துவிட்டு டைல்ஸ் வாங்குங்கள்

சூலூர் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. குழி வெட்டியாகிவிட்டது, கம்பி கட்டும் ஆட்கள் மறுநாள் வருவதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசை முழுக்க மொசைக் மாதிரிகள். கருநீலம், மயில்பச்சை, நடுவில் டால்ஃபின் போட்டது என்று ஆறேழு தாள்கள். மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருந்தார்கள். மோட்டாருக்கும் ஃபில்டருக்கும் மட்டும் ஒற்றைத் தாளில் ஒரு கொட்டேஷன், மாதிரிகளுக்கு அடியில் கிடந்தது. ஒன்றரை எச்.பி. பம்ப், 16 அங்குல மணல் ஃபில்டர்.

நான் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தேன். வீட்டுக்காரருக்கு அது வியப்பாக இருந்தது. "ஏனுங்க சார், மோட்டார் பெருசா இருந்தா தண்ணி சீக்கிரம் சுத்தமாயிடாதுங்களா?" என்றார். வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிற முக்கால்வாசிப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த வாரம் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் தொடரில் போன வாரம் முடிவு செய்த அளவுதான் இந்தக் குளத்துக்கும்: 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். சுமார் 22,600 லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய் வந்தால் வீட்டுக் குளத்துக்குத் தாராளம். அப்படியானால் மணிக்கு 5,700 லிட்டர் ஓடினால் போதும். ஒன்றரை எச்.பி. பம்ப் மணிக்கு 20,000 லிட்டர் வரை தள்ளக்கூடியது. 16 அங்குல ஃபில்டர் தாங்குவதோ 6,000 லிட்டரைச் சுற்றித்தான்.

மணல் ஃபில்டர் அழுக்கைப் பிடிப்பது மணலுக்கு இடையில் தண்ணீர் மெதுவாக இறங்கும்போதுதான். வேகம் கூடினால் மணலில் வாய்க்கால் விழுந்துவிடும். பிடிபட்ட தூசியும் அடித்துக்கொண்டு மறுபடி குளத்துக்கே வந்து சேரும். தண்ணீர் எப்போதும் லேசாகக் கலங்கியே நிற்கும். வீட்டுக்காரர் மருந்து போதவில்லை என்று நினைத்துக் குளோரினைக் கூட்டிக்கொண்டே போவார். இந்தக் கோளாறோடு வந்த குளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட மருந்தில் குறை இல்லை.

எனவே ஃபில்டர் பெரிதாகவும் பம்ப் சிறிதாகவும் இருக்கட்டும். இந்த அளவுக் குளத்துக்கு 20 அங்குல ஃபில்டர் வைத்தால் மணல் நிம்மதியாக வேலை செய்யும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவும்போது, மணல் மேலெழும்பிப் புரண்டால்தான் அழுக்கு வெளியேறும். அதற்கு மணிக்கு ஒன்பது, பத்தாயிரம் லிட்டர் வேகம் வேண்டும். அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய முக்கால் எச்.பி. பம்ப் ஒன்றைச் சொன்னேன். அன்றாடம் பாதி வேகம், பேக்வாஷுக்கு முழு வேகம். பாதி வேகத்தில் தண்ணீர் பாதி வரும். மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான். நடைமுறையில் அவ்வளவு இறங்காது என்றாலும், தினம் ஆறேழு மணி நேரம் ஓடும் பம்பில் அது பெரிய மிச்சம். விலை கூடுதல்தான். டால்ஃபினை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்றேன்.

அடுத்தது, தரையில் தண்ணீர் உறிஞ்சும் வாய். மெயின் ட்ரெயின் என்பார்கள். வரைபடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த இடத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. எட்டு அங்குல வாயை ஒரு குழந்தையின் முதுகோ வயிறோ முழுதாக அடைத்துவிட்டால், பம்ப் உண்டாக்கும் இழுவை மூன்றில் ஒரு பங்கு வெற்றிடத்தை எட்டினாலே 100 கிலோவுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். பெரியவர்களாலும் பிரித்தெடுக்க முடியாது. 2002 ஜூனில் அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, சுடுநீர்த் தொட்டியின் உறிஞ்சுவாயில் இப்படிச் சிக்கி இறந்தாள். தாய் இழுத்துப் பார்த்தும் முடியவில்லை. அந்தத் தாய் விடாமல் போராடியதில், 2007 டிசம்பரில் அங்கே வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் என்று அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது.

செய்ய வேண்டியது எளிது. ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய்கள், இடையே குறைந்தது மூன்று அடி, இரண்டும் ஒரே குழாயில் சேர வேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றது வழியாகத் தண்ணீர் வரும்; பிடி விழாது. மேல்மூடி தட்டையாக இல்லாமல் குவிந்ததாக, திருகு போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். கம்பி கட்டும் முன் சொன்னால் கூடுதலாக ஒரு மூடியும் சில அடிக் குழாயும்தான் செலவு. கான்கிரீட் போட்ட பிறகு சொன்னால் தரையை உடைக்க வேண்டும். மறுநாள் வரவேண்டிய கம்பி ஆட்களை இரண்டு நாள் தள்ளி வரச் சொன்னோம்.

மேல்தண்ணீரில் மிதக்கும் இலையையும் தூசியையும் இழுக்கும் ஸ்கிம்மருக்குக் காற்றின் திசை தெரிய வேண்டும். கோவைப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எல்லாக் குப்பையையும் கிழக்குச் சுவரில் கொண்டுபோய் ஒதுக்கும். ஸ்கிம்மர் கிழக்குச் சுவரில், தண்ணீர் திரும்பி வரும் குழாய்கள் மேற்கில். காற்றும் பம்பும் ஒரே பக்கம் தள்ளும். வரைபடத்தில் ஸ்கிம்மர் மேற்கில் இருந்தது. மோட்டார் அறை அங்கே என்பதால் குழாய் மிச்சமாம். ஓட்டல்களில் பார்க்கிற, விளிம்பில் வழியும் ஓவர்ஃப்ளோ குளம் கேட்பவர்களும் உண்டு. அதற்குச் சுற்றிலும் வாய்க்காலும் தனியாக ஒரு தொட்டியும் வேண்டும். இந்த அளவுக்கு ஸ்கிம்மரே போதும்.

விளக்கு 12 வோல்ட் எல்.இ.டி. மட்டுமே, டிரான்ஸ்ஃபார்மர் குளத்தைவிட்டுத் தள்ளி, மழை படாத இடத்தில். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் குளத்து மின் இணைப்பு எதற்கும் உயிர் கொடுக்கக் கூடாது.

இனி டைல்ஸ். நான் கேட்டது நிறத்தை அல்ல, தண்ணீரை. போர் தண்ணீர் ரிசல்ட்டை எடுத்து வந்தார்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குளத்துக்கு 200 முதல் 400 வரை இருந்தால் நல்லது. வெயில் காலத்தில் இந்தக் குளத்திலிருந்து நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு அங்கேயே நிற்கும். ஈடுகட்ட ஊற்றும் போர் தண்ணீரோ இன்னும் சுண்ணாம்பைக் கொண்டுவரும். அது படிவது முதலில் நீர்மட்டக் கோட்டில். கருநீலக் கண்ணாடி மொசைக்கில் அந்த வெள்ளைப் பட்டை விபூதி பூசியது போலத் தெரியும்.

அதற்காகத் தண்ணீரை ஒரேயடியாக மென்மையாக்கிவிடவும் கூடாது. சுண்ணாம்புக்கு ஏங்கும் தண்ணீர் சிமெண்டையே அரித்து எடுத்துக்கொள்ளும். படியுமா, அரிக்குமா என்று கணக்கிடும் முறையை 1936இல் லாஞ்சலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தார். இன்றும் குளத்துக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துப் போர் தண்ணீரோடு கலப்பது இந்த வீட்டுக்குப் பொருந்தியது. குளோரினுக்குத் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் என்று முடிவு செய்தோம். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் இருக்கிற சுண்ணாம்போடு மேலும் சேர்க்கும். எந்த வீட்டிலும் அந்தத் தூளையும் டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியால் புழங்கவே கூடாது; கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

நிறத்தைப் பற்றி அந்த வீட்டுப் பாட்டி சொன்னதைத்தான் நானும் சொல்வேன். "அடி தெரியோணும் கண்ணு. அடி தெரியாத கிணத்துல நாங்க புள்ளைங்கள எறங்க வுட்டதில்ல." கரும் தரை ஏரி போல அழகாகத் தெரியும். ஆனால் அடியில் ஒரு குழந்தை கிடந்தால் கண்ணுக்குத் தட்டுப்பட நேரமாகும். வெளிர் நீலமோ வெள்ளையோதான் என் பரிந்துரை.

ஒட்டும் விதமும் முக்கியம். மொசைக் தாள்களில் பின்பக்கம் வலை ஒட்டியவை உண்டு, முன்பக்கம் காகிதம் ஒட்டியவை உண்டு. தண்ணீருக்குள் இருக்கப்போவதற்குக் காகிதத் தாளே நல்லது. ஒவ்வொரு சில்லின் முதுகும் முழுதாகப் பசையில் அமரும். பசை வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வழியே சாம்பல் நிறம் தெரியும். இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட். சிமெண்ட் கிரவுட்டை, குளத்து நீரில் ஊற்றும் ஆசிட் தின்றுவிடும்; சொரசொரப்பான இடத்தில் பாசி ஒண்டிக்கொள்ளும். எபாக்ஸியில் பழகாத கொத்தனார் ஒரே நேரத்தில் நிறையக் கலந்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பூசிய கையோடு துடைக்கச் சொல்லுங்கள். இறுகிவிட்டால் டைல்ஸோடுதான் வரும்.

விளிம்புக் கல்லுக்குக் கடப்பா, கோட்டா, சொரசொரப்பாக்கிய சாம்பல் கிரானைட் மூன்றும் வாசலில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நீர் கலந்த ஆசிட் ஒரு சொட்டு விட்டேன். கடப்பாவும் கோட்டாவும் நுரைத்தன, இரண்டும் சுண்ணாம்புக்கல். குளத்து நீரின் காரத்தைக் குறைக்க இதே ஆசிட்டைத்தான் ஊற்றப்போகிறோம். கிரானைட் அசையவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்றையும் வெயிலில் வைத்து, வீட்டுக்காரரைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொன்னேன். கடப்பாவிலிருந்து உடனே காலை எடுத்துவிட்டார்.

கருநீலத்தை விட மனம் வராமல் இருந்த வீட்டம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கேட்டேன். போர் தண்ணீரைப் பாதி நிரப்பி, கருநீலத் தாளையும் வெளிர் நீலத் தாளையும் பாதி மூழ்க நிற்கவைத்து, வெயிலில் வைக்கச் சொன்னேன். தண்ணீர் குறையக் குறைய அதே மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். பத்து நாள் கழித்துப் படம் அனுப்பினார். இரண்டிலும் கோடு விழுந்திருந்தது. வெளிர் நீலத்தில் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. கருநீலத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பட்டை. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "கடையில திருப்பிக் குடுத்துட்டோமுங்க."

(அடுத்த வாரம்: டைல்ஸ் ஒட்டும் முன் ஏழு நாள் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்ப்பது எப்படி?)