கடலை வயலின் வரவும் செலவும்

திருப்பதியை அடிவாரத்தில் கொண்டுள்ள சேஷாசல மலைக்காடுகளுக்கு எவரும் எருவிடுவதில்லை. செம்மரமும் பிற மரங்களும் உதிர்க்கும் இலைகள் விழுந்த இடத்திலேயே மக்கி மண்ணாகின்றன. அவற்றிலுள்ள சத்துக்கள் வேர்களின் வழியே மீண்டும் மரமேறுகின்றன. திருப்பதி, சித்தூர் வட்டாரங்களின் செம்மண் மானாவாரி நிலங்களிலோ, வேர்க்கடலை செடியோடு பறிக்கப்பட்டு வயலை விட்டு நீங்குகிறது. ஆதலின் இங்கே சத்துக்களின் சுழற்சி அறுந்துபோகாமல் காப்பது உழவரின் பொறுப்பாகும்.

காற்று தருவது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜனே. எனினும் செடிகள் அதனை நேராக உட்கொள்ள இயலாது. கடலையின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் அதனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. பயறினச் செடிகளின் இவ்வியல்பை 1886-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் வெளியிட்டனர். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து மாணவர்களுக்குக் காட்டலாம். உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின் முடிச்சு வேலை செய்கிறது என்று அறியலாம்.

மண் இழப்பது

கடலை பயிரிட்டாலே நிலம் வளம் பெறும் என்னும் எண்ணம் பாதியளவே உண்மை. 100 கிலோ பருப்பில் ஏறத்தாழ 25 கிலோ புரதம் உண்டு. அதில் 4 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் அடங்கியுள்ளது. பருப்பும் கொடியும் வெளியேறினால், முடிச்சுகள் சேர்த்ததில் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றை ஈடுசெய்யக் காற்றில் கையிருப்பு இல்லை. மேலும், வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது. அது குறைந்தால் காய்கள் பொக்காகும். இதனாலேயே பூக்கும் தருணத்தில் ஹெக்டேருக்கு 500 கிலோ ஜிப்சம் செடியின் அடியில் இடுமாறு ஆந்திர உழவருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

திரும்ப வேண்டியது

கடலை எண்ணெயில் உள்ளவை பெரும்பாலும் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றே. இவை காற்றும் நீரும் தந்தவை. எனவே எண்ணெய் ஊரை விட்டுச் சென்றாலும் நிலத்திற்கு நஷ்டமில்லை. மண்ணின் செல்வம் புண்ணாக்கிலும் கொடியிலும் தங்கியுள்ளது. இவற்றைக் கறவை மாடுகளுக்கு ஊட்டி, சாணத்தையும் மூத்திரத்தையும் வயலில் சேர்த்தால் அதில் பெரும்பகுதி மீளும். வெயிலில் கொட்டிய குப்பையிலிருந்து நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். தொழுவத்தில் காய்ந்த சருகைப் பரப்பி மூத்திரத்தை உறிஞ்சச் செய்து, அதனைச் சாணத்தோடு குழியிலிட்டு மண்ணால் மூடுதல் வேண்டும். அதிகச் செலவின்றி ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய இப்பணியைக் கிராம ஊழியர்கள் முதலில் வலியுறுத்துதல் நலம்.