சிகிச்சை முடிந்தது, பயம் முடியவில்லையா?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டன. "இனி மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உங்களுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படியானால் இது உங்களுக்காக எழுதியது.

எல்லாம் முடிந்த பிறகு ஏன் இந்தப் பயம்?

சிகிச்சை நடந்த மாதங்களில் யோசிக்கவே நேரம் இருந்திருக்காது. அடுத்த ஊசி என்றைக்கு, ரத்த அணுக்கள் ஏறினவா, துணைக்கு யார் வருவார்கள் என்றே நாள் ஓடியிருக்கும். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார். அந்த ஓட்டம் நின்ற பிறகுதான், பட்டது எவ்வளவு என்று மனதுக்கு உறைக்கிறது. சிகிச்சை முடித்த பலருக்கும் இது நடக்கிறது. நீங்கள் தைரியம் இல்லாதவர் என்றோ, நோய் திரும்புகிறது என்றோ இதற்குப் பொருள் இல்லை.

கவலைப்பட்டே நோயை வரவழைத்துக்கொள்வேனோ?

கவலையால் புற்றுநோய் திரும்ப வரும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. "எப்பவும் தைரியமா இரு, இல்லாட்டி திரும்ப வந்துரும்" என்று யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழலாம். பதற்றத்தைக் குறைக்கச் சொல்வது, நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி வாழ வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கே வலித்தாலும் திக்கென்கிறதே?

பல வலிகளுக்குக் காரணம் சிகிச்சையேதான். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களில் பலருக்குக் காலையில் விரல்கள் மடங்காது. குக்கர் மூடியைத் திறக்கக்கூடப் பிடி கிடைக்காது. முழங்காலும் பிடித்துக்கொள்ளும். எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. டாக்டரிடம் சொன்னால் வலிக்கு வழி செய்வார், தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைப்பதே அந்த மாத்திரைதான்.

ஆபரேஷன் செய்த பக்கம் சுருக்கென்று குத்துவதும் அக்குள் மரத்துப்போவதும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட இருக்கும். அறுபட்ட நரம்புகளால் வருவது அது. டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டால் உடம்பு திடீரென்று அனலாகி, இரவில் வியர்த்துத் தூக்கம் கெடலாம். தூக்கம் கெட்டால் பயம் இரண்டு மடங்காகத் தெரியும்.

அப்படியென்றால் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?

மார்பிலோ அக்குளிலோ தழும்பிலோ புதிதாகக் கட்டி தென்பட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, முதுகுவலியோடு கால் பலவீனம், காய்ச்சலோடு கை சிவந்து வீங்குவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு வலி, இருமல், தலைவலி போன்றவை தொடங்கினால் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால், அல்லது அதற்குள்ளேயே கூடிக்கொண்டு போனால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

எல்லா ஸ்கேனையும் எடுத்துவிட்டால் நிம்மதி வராதா?

அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக பெட் ஸ்கேன், சிடி ஸ்கேன், ட்யூமர் மார்க்கர் (புற்றுக்கட்டி வெளியிடும் பொருள்களை அளக்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. வீண் சந்தேகம் கிளம்பி, பரிசோதனைக்கு மேல் பரிசோதனையாகச் செலவும் பயமும்தான் பெருகும். பொதுவாகத் தேவைப்படுவது இவ்வளவுதான்: முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை டாக்டர் பார்ப்பது, அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கூடவே ஆண்டுதோறும் மம்மோகிராம் (மார்பக எக்ஸ்ரே). உங்களுக்கான அட்டவணையை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செக்கப் தேதி நெருங்கினாலே வயிறு கலங்குகிறதே?

அது பலருக்கும் வருவதுதான். கேட்க வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதுங்கள். கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். ரிப்போர்ட் என்றைக்கு வரும், யார் சொல்வார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அதிலுள்ள சொற்களை இணையத்தில் தேடாமல் டாக்டரிடம் கேட்பதே நல்லது.

அன்றாடம் என்ன செய்யலாம்?

சாயங்காலம் 15 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்கி, மனதில் இருப்பதை நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். படபடப்பு வரும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். வாரத்தில் 5 நாள் அரை மணி நேரம் நடப்பது பதற்றத்தையும் அசதியையும் குறைக்கும். மார்பைத் தினமும் பல முறை தொட்டுப் பார்ப்பது பயத்தைத்தான் வளர்க்கும். மாதம் ஒருமுறை போதும்.

வீட்டில் "அதான் சரியாயிருச்சே" என்கிறார்களே?

அவர்களும் பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். "பதில் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அசதி தீர நாளாகும் என்பதைச் சொல்லி, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வேலையும் கெட்டால், பயந்து செக்கப்பையே தவிர்த்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். டமாக்சிஃபென் சாப்பிடுவதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஃப்ளூவாக்சிடின், பராக்சிடின் போன்ற சில மனநல மருந்துகள் அதன் வேலையைத் தடுக்கக்கூடும், வேறு மருந்துகள் இருக்கின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கை வீக்கத்தையும் மூட்டு வலியையும் சொல்வதுபோலவே இந்தப் பயத்தையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.