கல் பிடிக்காத தண்ணீர்

வன்னியின் பூநகரி, முழங்காவில் பக்கம் நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணக்கல். அதன் கல்சியம் கிணற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. நீர் சூடேறினால் காபனீரொட்சைட்டு வெளியேறும். கல்சியம் காபனேற்று வெண்கல்லாகப் படியும். சீனியும் கறியுப்பும் சுடுநீரில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்றோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அதனால், எந்த இடம் குளிர வேண்டுமோ அங்கேயே முதலில் கல் பிடிக்கிறது.

முன்பு இங்கே நெல் குற்றும் மில்லை டீசல் எஞ்சின் ஓட்டியது. பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. எஞ்சினைச் சுற்றி வந்த சுடுநீர் தொட்டியில் ஆறித் திரும்பும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். கிணற்று நீரை ஊற்ற ஊற்றத் தொட்டி நீர் தடித்துக்கொண்டே போகும். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாக இருந்தன. கல் பிடித்துச் சூடேறி இறுகிய எஞ்சினை மீட்பது பெரும்பாடு. கூரை மழைநீரும் குளத்து நீரும்தான் அதற்குக் கைகண்ட மருந்து.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் எடுத்தது. அத்தகைய ஆலைகளில் உப்புக் கரைசலிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் முதலிலேயே பிரித்து வடித்துவிடுவார்கள். வருமுன் காக்கும் அந்த அறிவு வன்னிக்குப் புதிதல்ல. ஆலையைத்தான் போர் தின்றது.

இன்று மில்லில் எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டர் வந்துவிட்டது. ஆனால் நெல் அவிக்கும் கொதிகலனுக்கும், ஐஸ் ஆலையின் குளிரூட்டும் கோபுரத்துக்கும் அதே கிணற்று நீர்தான். மென்னீராக்கியில் உள்ள பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துச் சோடியத்தை விடுகின்றன. பொஸ்பனேற்று என்ற இரசாயனம் மிகச் சிறிதளவு சேர்த்தாலே கல் பளிங்குகளை வளரவிடாமல் தடுக்கிறது. தொட்டி நீர் கிணற்று நீரைவிட எத்தனை மடங்கு தடித்தது என்பதை மின்கடத்துதிறன் மானி காட்டும். எல்லை மீறுமுன் அடிக்குழாயைத் திறந்து ஒரு பங்கை வெளியேற்றிப் புதுநீர் விட்டால் போதும்.

வெளியேற்றும் அந்த உப்புநீர் எங்கே போகிறது என்பதுதான் இன்றைய கேள்வி. பிசினைக் கழுவிய உப்புநீரும் அதோடு சேர்கிறது. அதை வாய்க்காலில் விட்டால் அடுத்த வயல் உவராகும்; நிலத்தில் விட்டால் கிணற்றுக்கே திரும்பும்.

1,000 சதுர மீற்றர் கூரையில் ஒரு மீற்றர் மழை விழுந்தால் 10 இலட்சம் லீற்றர் நீர். வன்னியில் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ ஒரு மீற்றரோ அதற்கு மேலோ. பெரிய ஆலைக் கூரைகள் இன்று நிறைய எழுந்துள்ளன. கூரை நீரைத் தேக்கிக் கிணற்று நீரோடு கலந்தால் இரசாயனத் தேவையும் குறையும், வெளியேற்றும் உப்பும் குறையும். புதிய ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே மழைநீர்த் தொட்டியையும் கட்டாயமாக்க வேண்டும்.